காலிப் பெட்டிக்குக் காய்ச்சல்

அது ஜனவரியா பிப்ரவரியா என்று ஹம்சாவுக்கே இப்போது நிச்சயமில்லை. கரண்ட் போனது முதலிலா, முள் ஏறியது முதலிலா என்று கேட்டாலும் தடுமாறுவாள். வருஷங்கள் ஓடிவிட்டன. சொல்லும்போதெல்லாம் ஏதாவது ஒன்று முன்பின்னாகிவிடுகிறது. இடம் மாறாமல் நிற்பது அந்த மரப்பலகையின் சூடு மட்டும்தான்.

இரண்டாயிரமாவது ஆண்டுக் குளிர்காலம். தெற்கு தில்லியில் ஓர் ஆய்வுக்கூடம், அதன் பின்கட்டில் விலங்குக்கூடம். மூடுபனியில் பஸ் ஊர்ந்து ஊர்ந்து வந்ததில் அன்று ஹம்சாவுக்குத் தாமதமாகிவிட்டது. கதவைத் திறந்ததும் வழக்கமான வாடை வந்து முகத்தில் மோதியது. ஈரவைக்கோல், ஃபினாயில், முயல் மூத்திரம். இருபது வருஷமாக அவள் புடவையோடு வீட்டுக்கு வருகிற வாடை.

மனித உடம்புக்குள் ஊசி வழியாகப் போகவேண்டிய பொருள்கள் முதலில் இங்கேதான் வரும். அன்று வந்திருந்தது, மூட்டு தேய்ந்தவர்களுக்கு முழங்காலுக்குள் போடும் ஒரு கூழ். அதை ஊறவைத்த உப்புநீரை முயலின் காது நரம்பில் ஏற்றவேண்டும். பிறகு காத்திருக்கவேண்டும். கூழில் கிருமிகளின் நஞ்சு கலந்திருந்தால் முயலுக்குக் காய்ச்சல் வரும். வராவிட்டால் கூழ் நல்லது.

முயலின் கழுத்து மட்டும் வெளியே நீளும்படி ஆறு மரப்பெட்டிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் ஒயர் மேஜைமேல் இருந்த வெப்பமானிக்குப் போகும். குமிழைத் திருப்பத் திருப்ப, ஒவ்வொரு முயலின் சூட்டையும் முள் காட்டும்.

முயல்கள் ஐந்துதான். ஆறாவது டிசம்பரில் செத்துப்போயிற்று.

காய்ச்சல் கண்ட முயலை மறுபடி சோதனைக்கு உட்கார்த்தக் கூடாது என்பது விதி. நஞ்சு திரும்பத் திரும்ப ஏறினால் உடம்பு பழகிவிடும், பிறகு எதைப் போட்டாலும் சூடு ஏறாது. ஆனால் புது முயல் வாங்க விலங்குப் பாதுகாப்புக் கமிட்டியின் அனுமதி வேண்டும், அது மாதக்கணக்கில் இழுக்கும். அதனால் இரண்டு வருஷமாக அதே முயல்கள், போதிய ஓய்வுகூட இல்லாமல். எல்லாம் சாதுவாகிவிட்டன. ஊசியைக் கண்டால் தாமாகவே காதைத் தாழ்த்தும்.

ஆறாவது மட்டும் பழகவில்லை. அதற்கு ஒவ்வொரு முறையும் காய்ச்சல் வந்தது. ஒத்துவராத பிராணி என்று அதன் அளவைத் தள்ளிவிட்டு மற்ற ஐந்தை வைத்துக்கொண்டார்கள். ஒரு மத்தியானம் அது பெட்டிக்குள்ளேயே, சத்தமில்லாமல், உடம்பு கொதிக்கக் கொதிக்கச் செத்தது.

வருகிற திங்கட்கிழமை ஓர் ஆஸ்பத்திரியில் இந்தக் கூழை முதன்முதலாகச் சிலருக்குப் போடப்போகிறார்கள். அவர்களில் ஒருத்தி ஹம்சாவின் அக்கா அனந்தலக்ஷ்மி. சிபாரிசு பிடித்துப் பெயரைச் சேர்த்ததே ஹம்சாதான்.

ஐந்து காதுகளிலும் ஊசி போட்டாள். காத்திருந்தாள். குமிழைத் திருப்பினாள். ஐந்து முயல்களுக்கும் முள் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. கைப்பழக்கத்தில் குமிழ் ஆறுக்கும் போயிற்று.

முள் ஏறியது.

அறையின் குளிரிலிருந்து கிளம்பி, உயிருள்ள முயலின் சூட்டுக்கு வந்து, அதையும் தாண்டியது.

அவள் மேலதிகாரி சங்கரநாராயணனின் அறைக்குப் போனாள். அவர் குல்லாவைக் கழற்றாமல் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், ஆறாம் நம்பர் ஏறறது."

"ஆறுல ஒண்ணுமே இல்லையேம்மா."

"அதான் சார் சொல்றேன்."

"ஒயர்ல ஈரம் இருக்கும். இந்தக் குளிருக்கு என் மூளையே ஷார்ட் ஆறது, ஒயர் ஆகாதா? மத்த அஞ்சும்?"

"அசையவே இல்ல."

"அச்சா. அப்போ பாஸ். ஜல்தி எழுதிக் கொண்டா, கையெழுத்துப் போட்டுடறேன்."

திரும்பி வந்து ஒயரை மாற்றிப் பார்த்தாள். மேஜைமேல் வைத்தால் முள் இறங்கியது. பெட்டிக்குள் விட்டால் ஏறியது. அப்போது கரண்ட் போயிற்று. ஹீட்டரின் சிவப்புக் கம்பி கறுத்தது. ஜன்னல் கண்ணாடியில் பனி அப்பியிருக்க, அந்த முற்பகலிலும் அறை சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடந்தது. அவளுடைய மூச்சு அவளுக்கே புகையாகத் தெரிந்தது.

ஆறாவது பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

சூடு.

பலகை நடுங்கிக்கொண்டிருந்தது. குளிர்ஜுரத்தில் கிடக்கும் குழந்தையின் முதுகு நடுங்குவதுபோல.

கழுத்து வரும் துளையில் எதுவுமில்லை.

கையை எடுக்க நினைத்தாள். அதற்குள் மணிக்கட்டின் உள்பக்கத்தில் ஏதோ உரசியது. மீசை மயிர். பிறகு மூச்சு. வேகவேகமாக, ஈரமாக, சுடச்சுட.

ஐந்து முயல்களும் தலையைத் திருப்பி அந்தத் துளையையே பார்த்துக்கொண்டிருந்தன.

ஹம்சா அலறவில்லை. அலறுவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டும். "என்ன வேணும் உனக்கு?" என்று மட்டும் மெல்லக் கேட்டாள். மூச்சு இன்னும் சூடாயிற்று. அந்தச் சூட்டில் அவளுக்கு விளங்கிவிட்டது. இந்தக் கூழ் நல்லதில்லை. உயிரோடிருக்கும் ஐந்துக்கும் அதைச் சொல்லும் சக்தி போய்விட்டது.

சாயங்காலம் கரோல் பாக் போனாள். அக்கா இருந்தது மூன்றாம் மாடியில்.

"ஊசி வேண்டாங்கறே. ஏன்?"

"மருந்து சரியில்லக்கா."

"யாரு சொன்னா? உங்க சாரா?"

"சார் பாஸ்னுதான் சொல்றார்." ஹம்சா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "காலிப் பெட்டிக்கு ஜுரம் வந்ததுக்கா. செத்துப்போன முயலோட பெட்டி."

அனந்தலக்ஷ்மி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "உனக்கு முயல் பேசறது, எனக்கு முட்டி பேசறது. எழுந்து நின்னா கீழாத்து சர்தார்ஜிக்குக் கேக்கறதாம். நல்ல குடும்பம்டி நம்மளது."

"அக்கா, ப்ளீஸ்."

"லோதி ரோடு ஸ்கூல்ல கிளாஸ் எடுத்துட்டு நான் மாடிப்படியில உக்காந்து உக்காந்து இறங்கறேன். பின்னாடி பசங்க சிரிக்காம வரிசையா நிக்கறா. சிரிச்சுட்டாக்கூடத் தேவலை. திங்கக்கிழமை நான் போறேன். நீ ஆத்துக்குப் போய் நன்னாத் தூங்கு."

ஹம்சா தூங்கவில்லை. அவளோடு படித்த ஜெயகிருஷ்ணன் முனிர்கா பக்கத்துப் பல்கலைக்கழகத்தின் விலங்குக்கூடத்தில் வேலையில் இருந்தான். கெஞ்சியதில், இதுவரை ஊசியே படாத மூன்று முயல்களை ஞாயிற்றுக்கிழமை காலையில் தன் மாருதி வேனில் கொண்டுவந்து இறக்கினான். "யாராவது கேட்டா நான் தரல. நீ திருடினே," என்று சொல்லிவிட்டுப் போனான்.

அதே கூழ், அதே உப்புநீர். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, மூன்றும் உடம்பைக் குறுக்கிக்கொண்டு நடுங்கின. காதைத் தொட்டால் சுட்டது. முள் ஏறிக்கொண்டே போயிற்று.

குமிழை ஆறுக்குத் திருப்பினாள். காலிப் பெட்டி குளிர்ந்து கிடந்தது. அவளுக்கு அழுகை வந்தது.

போன் செய்ததும் சங்கரநாராயணன் ஆட்டோ பிடித்து வந்தார். மூன்று முயல்களையும் தொட்டுப் பார்த்தார். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, திங்கட்கிழமை ஏற்பாட்டை நிறுத்தச் சொன்னார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்தார்.



"ரெண்டு வருஷமா அதே முயல்கள்தானே, ஹம்சா?"

"ஆமாம் சார்."

"கண்ணுக்குள்ள போடறது, முகத்துல போடறது, பல் ஈறுல போடறது... எல்லாத்தையும் நாமதானே பாஸ் பண்ணி அனுப்பினோம்."

குமிழ் ஆறிலேயே நின்றிருந்தது.

முள் மெல்ல ஏற ஆரம்பித்தது.

திங்கட்கிழமை யாருக்கும் ஊசி போடவில்லை. கம்பெனி சரக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டது. பழைய முயல்கள் ஐந்தையும், புது முயல்கள் மூன்றையும் மயக்க மருந்து கொடுத்துக் கொன்றார்கள். முன்பு போன மருந்துகளைத் தேட ஒரு கமிட்டி அமைத்தார்கள், அது ஓரிரு முறை கூடிக் கலைந்தது. சங்கரநாராயணன் அடுத்த வருஷமே ஓய்வு வாங்கிக்கொண்டு பாலக்காட்டுக்குப் போய்விட்டார். ஜெயகிருஷ்ணன் கனடாவில் இருக்கிறான். அனந்தலக்ஷ்மி வேலையை விட்டுவிட்டாள், மாடியை விட்டு இறங்குவதில்லை. தங்கை வந்தால் காப்பி கொடுப்பாள், முட்டியைப் பற்றி மட்டும் பேசமாட்டாள். ஹம்சா அதே வேலையில்தான் இருக்கிறாள். விலங்குக்கூடம் புதுக் கட்டடத்துக்கு மாறியபோது ஆறு பெட்டிகளும் கூடவே போயின. ஆறாவதில் எந்த முயலையும் வைப்பதில்லை. பெருக்க வருகிற பிம்லா குளிர்காலக் காலைகளில் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, அந்தப் பெட்டியின்மேல் இரண்டு கைகளையும் வைத்துக் குளிர் காய்கிறாள்.