வெளியே திரும்பியிருந்த பூட்ஸ் தடம்

1943 மே மாதம், ஞாயிறு, மாலை நான்கு மணி. கொலராடோவின் வெங்காய வயல்களுக்கு நடுவே, ஜப்பானிய விவசாயி இவாத்தாவின் வீட்டில் கிராமபோன் காணாமல் போயிருந்தது. அதில் இருந்த ஒரே ஜப்பானிய இசைத்தட்டும் போய்விட்டது. பக்கத்தில் கிடந்த வெள்ளிக் கடிகாரத்தை யாரும் தொடவில்லை.

இவாத்தாவும் மருமகள் ஃபுமியேவும் காலையிலேயே டவுனுக்குப் போனவர்கள். மதியம் மழை. திரும்பியதும் லாரியைப் பின்பக்கம் நிறுத்தி, சமையலறை வழியாக நுழைந்தார்கள். முன்கதவு திறந்து கிடந்தது.

பண்ணையில் இருந்தவன் மெக்சிகோக் கூலியாள் எவுசேபியோ மட்டும். ஷெரீப்பின் உதவியாளர் கிளெக் வந்ததும் அவனுக்கு விலங்கு மாட்டினார்.

"மெக்சிகோவுக்கு ரயிலேத்திடுவாங்கடா உன்னை."

"கொட்டகையில தூங்கிட்டிருந்தேன் சார். முதலாளி, நீங்களாவது சொல்லுங்க!"

பக்கத்திலேயே நின்றிருந்த இவாத்தா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஃபுமியே முன்வாசல் பலகைமேல் குனிந்து நின்றாள். காய்ந்த சேற்றில் இரண்டு பூட்ஸ் தடங்கள், பக்கம் பக்கமாக. வீட்டுக்குள் ஒரு துளி சேறு இல்லை.

"சார், இவன் எப்பவும் பூட்ஸோடதான் உள்ள வருவான். தினம் திட்டறேன்."

"தடம் விழக்கூடாதுன்னு கழட்டியிருப்பான்."

"கழட்டியிருந்தா மூக்கு கதவைப் பார்த்துல்ல கிடக்கும்? இது ரோட்டைப் பார்த்து இருக்கு. கழட்டினதும் குனிஞ்சு திருப்பி வைக்கிறது எங்க ஆளுங்க பழக்கம். திருட வந்த இடத்துலயும் கை தானா வச்சிருக்கு."

"அப்போ உன் மாமனாரா?" கிளெக் சிரித்தார்.

"மழை பெய்யறப்போ மாமா என்கூட டவுன்ல இருந்தாரு. கடிகாரத்தை விட்டுட்டு ஜப்பான் பாட்டை எடுத்தவர் யாரு? இந்த ரோட்டுல எங்களை விட்டா நாகாவோ ஒருத்தர்தான் ஜப்பான்காரர்."

இவாத்தா அந்தப் பலகையை இரண்டு முறை தாண்டியிருந்தார். திருப்பி வைத்த பூட்ஸ் தினமும் பார்ப்பது என்பதால் கண்ணில் படவில்லை.

நாகாவோ மனைவியை இழந்தவர். ஜப்பானோடு போர் தொடங்கிய வாரம், பயத்தில் தன் இசைத்தட்டுகளையெல்லாம் எரித்தவர். அவர் வீட்டுக்குப் போனபோது, கிராமபோன் அவருடைய கட்டிலின்மேல் மெல்லப் பாடிக்கொண்டிருந்தது.

"கேட்டிருந்தா மாமா குடுத்திருப்பாரே!" என்றாள் ஃபுமியே.

"உன் புருஷன் அமெரிக்கப் பட்டாளத்துல சேர்ந்தப்போ வாய்க்கு வந்தபடி ஏசினேன். எந்த மூஞ்சியோட கேக்கறது? பேச்சுத்துணைக்கு ரெண்டு கோவேறு கழுதைங்கதான் இருக்கு, பொண்ணே."

"எவுசேபியோவுக்கு விலங்கு போட்டாங்களே, பாத்தீங்களா?"

"ஜன்னல் வழியா பாத்தேன்."

"அப்புறம்?"

"ஊசியை மறுபடி மொதல்லேருந்து வச்சேன்."

கிளெக் நாகாவோவைக் காரில் ஏற்றினார். விலங்கு கழன்ற எவுசேபியோ கொட்டகைக்குப் போய்ப் போர்வையைச் சுருட்டினான்.

"எங்கடா கிளம்பிட்ட? களை எடுக்காம கெடக்கே. சாப்பிட்டு இரு," என்றார் இவாத்தா.

"அந்தப் பெரியவர் தூரத்துல இருந்து பார்த்தாரு. நீங்க பக்கத்துலயே நின்னீங்க, முதலாளி."

அவன் ரோட்டில் இறங்கி நடந்தான். வயல் சமதளம், வெகுநேரம் அவன் முதுகு தெரிந்துகொண்டே இருந்தது. இவாத்தா கூப்பிட வாய் திறந்தார். எந்த மொழியில் கூப்பிடுவதென்று அவருக்குத் தெரியவில்லை.