சந்தனம் படிந்த கிடார்

ஆனையூரிலிருந்து வந்த பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. வெளியே விடாத மழை. சாக்கில் சுற்றிய நீளமான பொருள் ஒன்றை மார்போடு அணைத்தபடி தடுமாறிக்கொண்டிருந்தாள் ரமீஜா. நிற்பவர்களின் பையை உட்கார்ந்திருப்பவர்கள் வாங்கி மடியில் வைத்துக்கொள்வது நம் ஊர் பஸ்களில் யாரும் எழுதி வைக்காத சட்டம். ஒரு கை நீண்டது.

"கொடுங்க..."

கொடுத்துவிட்டாள். பிறகுதான் முகத்தைப் பார்த்தாள். முப்பது வயதிருக்கும். கலைந்த தலை. ஆனால் அந்தக் கண்கள்... உதடு சிரித்தது, கண்கள் மட்டும் சிரிக்க மறந்திருந்தன.

"என்னங்க இம்புட்டுக் கனம்? யாரையாச்சும் கொன்னு கட்டிக்கிட்டு வாரீங்களா?"

"வாங்கி வச்சவரு சும்மா வச்சிருக்கலாம்ல..."

அவன் சும்மா இருந்தால்தானே! சாக்கின் மேலாகவே விரல்களை ஓட்டினான். "கரண்ட் கிடாரு. கழுத்து தனி, உடம்பு தனி. நாலு ஸ்குரூ. அமெரிக்கா சாமான்..." என்றான், தனக்குத்தானே பேசுகிறவன் போல.

ரமீஜாவுக்குத் திக்கென்றது. பெரியார் நிலையம் வந்ததும் வெடுக்கென்று வாங்கிக்கொண்டு இறங்கினாள். நனைந்தபடி வேகமாக நடந்தாள். திரும்பிப் பார்த்தால்... பத்தடி பின்னால் அவன்! டவுன்ஹால் ரோட்டில் திரும்பினாள். அவனும் திரும்பினான். தேடி வந்த ரேடியோக் கடையின் வாசலில் நின்று சீறினாள்.

"பொம்பளப் பிள்ளை பின்னாடியே வாரீங்களே, வெக்கமா இல்ல?"

"இருக்குங்க. ஆனா இது என் கடை. நீங்க வழிவிட்டாத்தான் நான் உள்ள போக முடியும்."

தலைக்கு மேல் பலகையில் எழுதியிருந்தது: நூருல் அமீன், ரேடியோ, ஆம்ப்ளிபயர் ரிப்பேர். ரமீஜாவுக்குப் பூமி பிளந்து தன்னை விழுங்காதா என்றிருந்தது.

கல்கத்தா ஹோட்டல்களில் வாசிக்கும் குழுக்களின் கிடார்களை ஆறு வருடம் பிரித்துப் பூட்டியவன் நூருல் அமீன். எது அசல், எது போலி, எந்தத் துண்டு பின்னால் மாற்றியது என்று அவன் சொன்னால் சொன்னதுதான். அவனைத் தேடித்தான் அவள் வந்திருந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள்.

இருபது வருடத்துக்கு முன்னால், அழகுமலை என்பவர் நடத்திய மெல்லிசைக் குழுவில் ஒரே ஜாடையில் இரண்டு அமெரிக்க கிடார்கள் இருந்தன. ஒன்று அழகுமலையுடையது. இன்னொன்று அவளைப் பெற்ற அத்தா சேக் இஸ்மாயிலுக்கு, நாடு திரும்பிய ஓர் அமெரிக்க வாத்தியார் கொடுத்துவிட்டுப் போனது. ஒரு திருவிழாக் கச்சேரி முடிந்து சாமான் ஏற்றும்போது ஒன்று காணாமல் போயிற்று. மிஞ்சியது என்னுடையது என்றார் இவர். என்னுடையது என்றார் அவர். இஸ்மாயில் விடவில்லை. கிடார் அவரிடம் நின்றது. திருடன் என்ற பெயரும் நின்றது. குடியிருந்த காஜிமார் தெருவில் தலைநிமிர முடியாமல் ஆனையூருக்குக் குடிபோனார்கள். ரமீஜாவைப் பெண் கேட்டு வந்தவர்களும் அந்தப் பேச்சு காதில் விழுந்ததும் திரும்பிப் போனார்கள். இந்த வருடம் அத்தாவைப் பக்கவாதம் படுக்கையில் தள்ளி, நாக்கையும் கட்டிப்போட்டுவிட்டது.

"அழகுமலை ஆள் விட்டாருங்க. நீங்க பிரிச்சுப் பாத்து யாரு கிடாருன்னு எழுதிக் குடுத்தா, ரெண்டு பக்கமும் ஒத்துக்கிறணும்னு பேச்சு. எங்க அத்தா உசுரோட இருக்கும்போதே அந்தக் கெட்ட பேரு போகணும். அம்புட்டுத்தான்."

"சாமான் பொய் சொல்லாதுங்க. கண்டதைத்தான் எழுதுவேன். வச்சுட்டுப் போங்க, மூணு நாள்ல..."

"வச்சுட்டெல்லாம் போகமாட்டேன். நானும் தினம் வாரேன்."

வந்தாள். முக்காலியில் உட்கார்ந்து அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் நாள் நான்கு திருகாணிகளைக் கழற்றிக் கழுத்தைப் பிரித்தான். அடிக்கட்டையில் பென்சிலால் ஒரு தேதி, 1956. செய்தவன் கையெழுத்து. "பாருங்க, கடல் தாண்டி ஒருத்தன் எழுதினது. நம்ம ரெண்டு பேரு பாக்கணும்னு இருந்திருக்கு" என்றான். அவள் காது மடல் சிவந்தது. இரண்டாம் நாள், ஒயர்களைப் பிடித்திருந்த ஈயம் பிற்காலத்தில் யாரும் தொடாத பழைய ஈயம் என்று காட்டினான்.

"எல்லாத்தையும் இப்படித்தான் கழட்டிப் பாப்பீங்களா?"

"மனுசங்கள முடியலயே... இந்தா, நீங்க என்ன நெனைக்கிறீங்கன்னு தெரியல."

"தெரிஞ்சு என்ன செய்யப்போறீங்களாம்..." என்று தலையைக் குனிந்துகொண்டாள். அன்றைக்கு பஸ் ஏறும்வரை அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது. பாவம், ஒரே ஒரு நாள்.

மூன்றாம் நாள் கிடாரின் முன்பக்கத்து வெள்ளைத் தகட்டைத் திறந்தான். விளக்கைக் கிட்ட இழுத்துக் குனிந்தான். தகட்டின் அடியில், மரத்தின் மேல், காய்ந்த சந்தனம். அதன்மேல் குங்குமம். மறுபடி சந்தனம். வருடக்கணக்காகப் படிந்தது. ஆயுதபூசை நாளில்கூட அவன் வீட்டில் திருப்புளிமேல் ஒரு பொட்டு வைக்கக்கூட யாரும் சம்மதித்ததில்லை. இஸ்மாயில் வீட்டுச் சாமானில் இது எப்படி வரும்? இது பூசை கண்ட கிடார். அழகுமலையின் கிடார்.

"என்னங்க... ஏதாச்சும் சொல்லுங்க."

சொன்னான். அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல், காகிதத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அப்ப எங்க அத்தா..."

அவன் காகிதத்தில் கையெழுத்தைப் போட்டான். காலிச் சாக்கை மடித்து எடுத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனாள். ஓடிப்போய் நிறுத்தச் சொன்னது அவன் மனசு. ஆனையூருக்கு ஒருதடவை போய் அந்தப் பெரியவர் கண்ணைப் பார்த்துக் கேளேன் என்றது. கண்ணால் கண்ட பிறகு கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று வீம்பு தடுத்தது. காகிதமும் கிடாரும் அழகுமலையிடம் போய்ச் சேர்ந்தன.

ஒரு மாதம் கழிந்தது. ஆயுதபூசை அன்று, ஆம்ப்ளிபயர் இரைகிறது என்று திருநகரிலிருந்து அழகுமலை கூப்பிட்டனுப்பினார். போனான். கூடத்தில் கருவிகளை வரிசையாகப் பரப்பியிருந்தார்கள். குழுவின் தபேலாக்காரர் சேட்டு பாய், தன் தபேலாவுக்குச் சந்தனம் வைத்ததை ரசித்துக்கொண்டு பொரிகடலை மென்றுகொண்டிருந்தார். அமீன் சுதாரிப்பதற்குள் அவனுடைய கருவிப் பெட்டிக்கும் ஒரு பொட்டு விழுந்தது.

"அண்ணே... பாய் தபேலாவுக்குமா?"

"எங்க குழுவுல அன்னையிலருந்து இதான் வழக்கம் தம்பி. எல்லாக் கருவியும் ஒரே வரிசை. இஸ்மாயிலு கிடாரும் இங்கதான் இருக்கும். தகட்டுக்குள்ள சந்தனம் எறங்குதுன்னு அம்புட்டுச் சத்தம் போடுவான்..." அழகுமலை சிரித்தார். கிடாரை எடுத்து அதன் கழுத்தைத் தடவினார். "களவுக்கு முந்தின வருசம் அலங்காநல்லூர்ல மேடை சரிஞ்சப்ப இது நெடுக வெடிச்சுப் போச்சு. வச்சிரம் காய்ச்சி ஒட்டி, மேல வார்னிஷ் அடிச்சோம். தடம் தெரியுதா பாருங்க! கெட்டிச் சாமான்."

அமீன் கிடாரை வாங்கிக் கழுத்தைத் திருப்பிப் பார்த்தான்.

"அண்ணே... இந்தக் கழுத்தைத் தனியாக் கழட்டி அங்குலம் அங்குலமாப் பாத்தவன் நான். இதுல வெடிப்பே கிடையாது. ஒட்டின தடமும் கிடையாது."

அழகுமலை மெல்லத் தரையில் உட்கார்ந்தார். "அப்ப காணாமப் போனது... என்னுதா?" கிடாரை அவன் பக்கம் நகர்த்தினார். "நீங்களே கொண்டுபோய்க் குடுங்க தம்பி. நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வருவேன்..."

ஆனையூரில் மழை பிடித்துக்கொண்டது. கதவைத் திறந்தவள் பாதியாக இளைத்திருந்தாள். தலையில் வெள்ளைத் துணி. அவனையும் பார்த்தாள், அவன் கையில் இருந்ததையும் பார்த்தாள்.

"அத்தா மவுத்தாகி ஒம்பது நாளாச்சு."

உயிரோடு இருக்கும்போதே போகவேண்டும் என்று அவள் கேட்ட கெட்ட பெயர், அவரோடு மண்ணுக்குள் போய்விட்டது. சந்தனத்தின் கதையையும் வெடிக்காத கழுத்தையும் திக்கித் திணறிச் சொல்லி முடித்தான். "தப்பு என்மேலதான். திட்டிருங்க ரமீஜா... அடிச்சாலும் வாங்கிக்கிறேன்."

"உங்கள எதுக்குத் திட்டணும்?" அவள் குரல் உடைந்தது. "நீங்க அந்நியம். கண்டத எழுதுனீங்க. நான் யாரு? மக. அன்னைக்கு வீட்டுக்கு வந்து, 'ஏன்த்தா இப்படிச் செஞ்சீங்க?'ன்னு கேட்டேன். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நம்புனேன். மூணே நாள் பழக்கம்... உங்கமேல இருந்த ஆசையில பெத்தவர நம்பாமப் போயிட்டேன். பேசமுடியாத மனுசன்... செவுத்துப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. கடைசிவரைக்கும் திரும்பல."

ஆசை என்று அவளே சொல்லிவிட்டாள். கேட்க ஏங்கிய சொல்தான். இப்படியா கேட்கவேண்டும்!

அவள் முன்னால் நடந்தாள். பெண்கள் உள்ளே போகாத ஊர்க்கோடிக் கபர்ஸ்தானின் மதிலோரம் நின்று, கிடாரைத் தன் கையில் வாங்கிக்கொண்டு, "உள்ள போய் அவருக்குச் சொல்லிட்டு வாங்க" என்றாள். ஈரம் காயாத மண்மேட்டின் அருகில் நின்று சலாம் சொன்னான் அமீன். வாய்விட்டு எல்லாவற்றையும் சொன்னான். அழுதான். திரும்பி வந்தபோது அவள் முந்தானையால் கிடாரை மூடிக்கொண்டு முழுசாக நனைந்து நின்றாள்.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன். அது உங்க கிடாருதான், நான்தான் தப்பா எழுதிட்டேன்னு சொன்னேன். அப்புறம்... உங்க மக இல்லாம எனக்கு வாழ்க்கை இல்லன்னும் சொன்னேன். மன்னிப்புக் கேட்டுட்டு உடனே பொண்ணும் கேக்குறது தப்புதான். ஆனா மறைக்கத் தெரியல ரமீஜா."

அவள் அழுகையை அடக்க உதட்டைக் கடித்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"அத்தாவுக்கு நாப்பதாம் நாள் கழியட்டும். காஜிமார் தெருவுல அத்தாவோட தம்பி, என் சின்னத்தா இருக்காரு, அங்க வந்து பொண்ணு கேளுங்க. தனியா வராதீங்க. அழகுமலையக் கூட்டிட்டு வாங்க. இஸ்மாயில் திருடலைன்னு அந்தத் தெரு கேக்க அவரு வாயால சொல்லணும்... அவரு சொல்லி முடிச்சதும் நான் சம்மதம் சொல்றேன்."