ஏழாவது டக்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாயம்மாள் வேலையிலிருந்து வந்தபோது அவளுடைய வலது கையில் இரண்டு விரல்களைச் சேர்த்துத் துணி சுற்றியிருந்தது. துணியின் நடுவில் சிவப்பாக ஒரு வட்டம்.

"என்னம்மா இது?" என்று ஓடிவந்தாள் மகள் சந்தனமாரி. ஐந்தாம் வகுப்புப் படிக்கிறாள். எல்லோருக்கும் அவள் மாரி.

"ஒண்ணுமில்லடி. கத்தி மடங்கிருச்சு" என்றாள் அம்மா, குடை மடங்கியதைச் சொல்வதுபோல.

மட்டாஞ்சேரியில் ஒரு சுக்குக் கிடங்கு. அதில் அம்மாவோடு சேர்த்து ஆறு பெண்களுக்குக் கத்தி வேலை. சாக்கின் சணல் தையலை அறுத்துத் திறக்க வேண்டும். சுக்கைக் கொட்டி, சொத்தை விழுந்த நுனியை நறுக்கிப் போட வேண்டும். ஆறு பேரிடமும் ஒரே மாதிரி மடக்குக் கத்திதான் இருந்தது. மடித்தால் இடுப்பில் செருகிக்கொள்ளலாம். திறந்தால் பிடியின் முதுகில் உள்ள இரும்புப் பட்டையின் பல், கத்தியின் அடியில் உள்ள ஒரு பள்ளத்தில் விழுந்து, கத்தி மடங்காமல் பிடித்துக்கொள்ளும்.

பிடித்துக்கொள்ள வேண்டும். அதுதான் பேச்சு. ஆனால் அந்த வாரத்தில் விரலை அறுத்துக்கொண்டவர்களில் அம்மா மூன்றாவது ஆள்.

பக்கத்து வீட்டுப் பேச்சி சாயா டம்ளரோடு வந்து வாசலில் உட்கார்ந்தாள். அவளும் அதே கிடங்கில்தான் வேலை செய்கிறாள். பேச்சியின் சோம்பல் தெருவுக்கே தெரியும். வீடு கூட்டுவதற்குக்கூட நல்ல நாள் பார்ப்பாள்.

"மூப்பன் சொன்னதை மாரிகிட்ட சொன்னியா அக்கா?" என்றாள் பேச்சி.

"அவகிட்ட எதுக்கு?"

"சொல்லுங்க" என்றாள் மாரி.

பேச்சி மூப்பனின் மலையாளம் கலந்த குரலிலேயே சொல்லிக் காட்டினாள். "இனி சுக்கு மேல ஒரு துளி ரத்தம் கண்டா, கத்திப் பணி ஆணுங்களுக்கு. நிங்கள் ஆறு பேரும் வீட்டில் இருந்நோ."

தேவஸி மூப்பன்தான் கிடங்கில் வேலை வாங்குபவர். வெலிங்டன் தீவுத் துறைமுகத்தில் சுக்கு ஏற்றும் கப்பல் காத்துக்கொண்டிருந்தது. கறை பட்ட மூட்டை திரும்பி வந்தால் அவர் தலைதான் உருளும். அதனால் சொன்னதைச் செய்துவிடுவார்.

"எல்லாம் கண்ணு" என்றாள் பேச்சி. "நம்ம மேல யாரோ கண்ணு வச்சுட்டாங்க."

"என் கை கவனம் போச்சு" என்றாள் அம்மா.

மாரிக்கு இரண்டிலும் நம்பிக்கை இல்லை. அம்மாவின் கத்தியை எடுத்துத் திறந்தாள். கூர்மை இல்லாத முதுகுப் பக்கத்தை வாசற்படியில் வைத்து லேசாக அழுத்தினாள். கத்தி சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளைபோல மடங்கிக்கொண்டது.

அவளுக்குக் கோபம் வந்தது. திங்கட்கிழமை அம்மா இந்தக் கத்தியோடு வேலைக்குப் போகக் கூடாது. வேலைக்குப் போகாமலும் இருக்கக் கூடாது. நடுவில் இருப்பது சனி, ஞாயிறு. அது போதும் என்று முடிவு செய்தாள்.

சனிக்கிழமை காலையில் அவள் முதலில் செய்தது தப்பான காரியம். கத்தியின் மூட்டில் ஒரு கரண்டி தேங்காய் எண்ணெயை ஊற்றினாள். இரும்புக்கு எண்ணெய் நல்லது என்று யாருக்குத்தான் தெரியாது? கத்தி வழுவழு என்று திறந்தது. வழுவழு என்று மடங்கவும் செய்தது. முன்பைவிட மோசம்.

"வாராவாரம் நானே வைக்கிறேன், நீ வேறயா?" என்றாள் அம்மா. "வெள்ளிக்கிழமை தலைக்குத் தேய்ச்சிட்டு, கையில மிச்சம் இருக்கிற எண்ணெயைக் கத்தியில தடவாத பொம்பளை நம்ம தெருவுல உண்டா?"

அடுத்து, கத்தி விற்ற சங்கிலிப்பாண்டியைத் தேடிப் போனாள் மாரி. பஜார் ரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியின் சுவரோரமாக அவர் தார்ப்பாய் விரித்துக் கத்திகளைப் பரப்பியிருந்தார்.

"வா. நீயும் திட்டத்தான் வந்தியா?" என்றார். "நேத்து ரெண்டு பேர் வந்து என் ஏழு தலைமுறையையும் விசாரிச்சுட்டுப் போயாச்சு."

"திட்ட வரலை மாமா. புதுக் கத்தியைத் திறந்து காட்டுங்க. நான் பார்க்கணும்."

அவர் ஒன்றைத் திறந்தார். டக். இன்னொன்று. டக். மாரி விடவில்லை. பதினோரு கத்திகளையும் திறக்கச் சொன்னாள். பதினொன்றும் டக்.

பிறகு அம்மாவின் கத்தியைக் கொடுத்தாள். அவர் திறந்தார். பொத்.

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இது ஏன் மாமா பொத்துங்குது?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் விக்கிறவன். எனக்குப் புதுக் கத்தியைத்தான் தெரியும். அஞ்சு மாசம் ஓடின கத்தியை யார் திருப்பிக் கொண்டுவந்து காட்டுறா?" சங்கிலிப்பாண்டி மண்டையைச் சொறிந்தார். "ஆனா விக்கும்போது அது டக்குதான். என்னை நம்பு."

மாரி நம்பினாள். அப்படியானால் டக் எங்கேயோ தொலைந்திருக்கிறது. தெருவில் தொலைந்ததா, கிடங்கில் தொலைந்ததா என்பதுதான் கேள்வி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடு வீடாகப் போய் மற்ற ஐந்து கத்திகளையும் வாங்கி வந்தாள். அம்மா இடது கையால் குழம்புக்கு வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எந்தக் கத்தி மடங்கும், எது மடங்காதுன்னு எப்படிம்மா பார்க்கிறது? விரலை வச்சா பார்க்க முடியும்?"

"வாயைக் கழுவு" என்றாள் அம்மா.

மாரி தட்டிலிருந்த வெண்டைக்காய்களைப் பார்த்தாள். நீளம் சரி. பருமனும் சரி. அறுந்தாலும் அழாது.

ஒரு வெண்டைக்காயைக் கத்திப் பிடியில், கத்தி மடங்கி விழும் பிளவின் மேல், விரல் இருக்கும் இடத்தில் நூலால் கட்டினாள். பிடியின் அடிப்பக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, திறந்த கத்தியின் முதுகை அம்மிக்கல்லில் ஒரு தட்டுத் தட்டினாள். கத்தி மடங்கியது. வெண்டைக்காய் இரண்டானது.

அம்மா தன் விரல் கட்டைத் தடவிக்கொண்டாள். நறுக்குவதை விட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

இரண்டாவது கத்தி, துண்டு. மூன்றாவது, துண்டு. நான்காவதும் ஐந்தாவதும் அப்படியே. ஆறாவது கத்தியில் துரு படிந்திருந்தது. பார்க்கவே பரிதாபமாக இருந்தது. மாரி தட்டினாள். வெண்டைக்காய் முழுசாக இருந்தது. ஓங்கித் தட்டினாள். அப்போதும் முழுசு.

"இது யாரோடது?" என்றாள் அம்மா ஆச்சரியமாக.

"பேச்சியக்காவோடது."

கூப்பிட்டதும் பேச்சி கொட்டாவி விட்டுக்கொண்டே வந்தாள்.

"அக்கா, உங்க கத்தியை எப்படிப் பார்த்துக்குவீங்க?"

"கத்தியைப் போய் யாராவது பார்த்துக்குவாங்களா?"

"எண்ணெய் போடுவீங்களா?"

"என் தலைக்கே எண்ணெய் வைக்கச் சோம்பல். கத்திக்கு வேற வைக்கணுமா?"

மாரிக்குப் பொறி தட்டியது. நன்றாகக் கவனித்துக்கொண்ட ஐந்து கத்திகளும் விரலை அறுக்கின்றன. யாரும் கவனிக்காத கத்தி மட்டும் ஒழுங்காக நிற்கிறது. வித்தியாசம் எண்ணெய்தான்.

அம்மாவின் கத்தியை வெயிலில் பிடித்து, பல் விழ வேண்டிய பள்ளத்துக்குள் பார்த்தாள். உள்ளே வெள்ளையாக ஏதோ இருந்தது. துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்கு உருவி நோண்டினாள். வெள்ளைப் பசை, கெட்டியாக வந்தது. முகர்ந்து பார்த்தாள். சுக்கு வாசனை. அதோடு தேங்காய் எண்ணெய் வாசனை.

"அம்மா, சுக்கு மேல வெள்ளையா இருக்குமே, அது என்ன?"

"சுண்ணாம்பு. பூச்சி விழாம இருக்கப் பூசுவாங்க. சாயங்காலம் ஆனா எங்க தலை முடியே நரைச்ச மாதிரி..." அம்மா பாதியில் நிறுத்தினாள். பசையைப் பார்த்தாள். எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்தாள். "அடி பாவி. நாங்களே பிசைஞ்சு ஊட்டிருக்கோம்."

அதேதான். எண்ணெயில் சுண்ணாம்புத் தூள் ஒட்டி, நாளாக நாளாக இறுகி, பள்ளம் தூர்ந்துபோயிருந்தது. பல் உள்ளே இறங்க இடமில்லாமல் மேலேயே உட்கார்ந்திருந்தது. கத்தியை அழுத்தினால் பல் விலகிக்கொள்ளாமல் என்ன செய்யும்?

அம்மா வெந்நீர் வைத்தாள். ஐந்து கத்திகளையும் சோப்புப் போட்டு ஊறவைத்து, மாரி ஈர்க்கால் ஒவ்வொரு பள்ளமாகச் சுரண்டினாள். பதினாறு ஈர்க்குகள் ஒடிந்தன. பேச்சி உட்கார்ந்த இடத்திலிருந்தே யோசனை சொன்னாள். வெயிலில் காயவைத்து ஒவ்வொன்றாகத் திறந்தபோது டக், டக் என்று ஐந்தும் கேட்டன. ஐந்து வெண்டைக்காய்களும் பிழைத்தன.

திங்கட்கிழமை காலை, பள்ளிக்கூடப் பையோடும் ஒரு பொட்டலம் வெண்டைக்காயோடும் இரண்டு ஈர்க்கோடும் மாரி கிடங்கு வாசலில் நின்றாள். அடுத்த துளி ரத்தத்துக்குக் காத்திருக்காமல் தேவஸி மூப்பன் ஏற்கெனவே மூட்டை தூக்கும் இரண்டு ஆண்களைக் கத்தியோடு நிறுத்திவைத்திருந்தார். அம்மாவின் முகம் வாடிவிட்டது. மாரி நேராக மூப்பன் முன்னால் போனாள்.

"மூப்பன் மாமா, கத்தியிலதான் கோளாறு. சரி பண்ணியாச்சு. இனிமே மடங்காது. பார்க்கிறீங்களா?"

"கத்தி எல்லாம் ஒண்ணுதன்னே. கைக்குத்தன்னே குற்றம்" என்றார் அவர்.

மாரி வெண்டைக்காயைக் கட்டி, வாசல் பலகையில் கத்தியின் முதுகைத் தட்டினாள். முழுசு. ஆறு கத்திகளையும் தட்டினாள். ஆறும் முழுசு.

பிறகு பள்ளத்தில் அடைந்த பசை, எண்ணெய், சுண்ணாம்பு, நோண்டி எடுத்த ஈர்க்கு என்று எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள்.

மூப்பன் சிரித்தார். இடுப்பிலிருந்து தன் கத்தியை எடுத்தார். "மோளே, இது என்டெ பிச்சாத்தி. பதினெட்டு வருஷமாயி. தினமும் வெளிச்செண்ண தேய்க்கும். ஒரு நாளும் மடங்கியதில்ல."

"தேங்காய் எண்ணெயா? தினமுமா?" என்றாள் மாரி. "அப்போ ஒரு தடவை பார்த்துடுவோம் மாமா."

வெண்டைக்காயைக் கட்டினாள். தட்டினாள்.

இரண்டு துண்டும் மூப்பனின் செருப்பின் மேல் விழுந்தன.

யாரும் சிரிக்கவில்லை. பேச்சி மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மூப்பன் வெண்டைக்காயைப் பார்த்தார். தன் கையை விரித்து விரல்களைப் பார்த்தார். பிறகு அந்த இரண்டு ஆண்களிடம், "நிங்கள் போய் மூட்டை எடுக்கு. கத்திப் பணி இவருக்குத்தன்னே" என்றார், பெண்களைக் காட்டி.

ஆறு பெண்களும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனார்கள். கடைசியாகப் போன அம்மா திரும்பி மாரியைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்காக இன்னும் பதினாறு ஈர்க்குகளை ஒடிக்கலாம் என்று மாரிக்குத் தோன்றியது.

"மோளே" என்றார் மூப்பன், குரலைத் தாழ்த்தி. "அந்த ஈர்க்கில் ஒண்ணு இங்கோட்டு தா."

இப்போது தினமும் காலையில் வேலை தொடங்குமுன் பெண்கள் வரிசையாக நின்று கத்தியைத் திறக்கிறார்கள், பலகையில் தட்டிப் பார்க்கிறார்கள். பேச்சி இன்னும் கத்திக்கு எண்ணெய் போடுவதில்லை. ஆனால் அதற்குப் பெயர் சோம்பல் இல்லையாம், முன்யோசனையாம்.

பள்ளிக்கூடம் போகும் வழியில் மாரி கிடங்குச் சுவரோரமாக நின்று காதைத் தீட்டிக்கொள்வாள். டக், டக் என்று ஆறு வரைக்கும் எண்ணுவாள். எண்ணி முடித்ததும் கிளம்பிவிட மாட்டாள். கொஞ்சம் பொறுத்து, மூப்பனின் மேசைப் பக்கமிருந்து ஏழாவது டக் கேட்கும். அதையும் கேட்டுவிட்டுத்தான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடுவாள்.