மாறாத சத்தம்

மலையிலிருந்து வரும் கோப்பு நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே போனது.

கள்ளக்குறிச்சி அலுவலகத்தின் மாடியறையில் உட்கார்ந்திருந்த இசைவாணி முதலில் அதை இயந்திரக் கோளாறு என்றுதான் நினைத்தாள். கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி, கனிமம் தேடித் தோண்டிய சோதனைச் சுரங்கம் ஒன்று மூடிக்கிடக்கிறது. அதன் பக்கத்தில் குழாய் இறக்கிய ஆழமான துளை. துளைக்குள் ஒன்றன் கீழ் ஒன்றாகத் தொங்கும் சென்சார்கள் பூமியின் அதிர்வுகளைக் கேட்டு மேலே உள்ள பெட்டிக்குச் சொல்லும். பெட்டி அதை அலுவலகத்துக்கு அனுப்பும். மலையில் சிக்னல் நூலிழை போலத்தான் கிடைக்கும். கேட்டதையெல்லாம் அனுப்ப முடியாது, சுருக்கித்தான் அனுப்ப வேண்டும். சுருக்கும் புரோகிராமை எழுதியவள் இசைவாணி. ஜெனரேட்டர், பம்பு என்று ஒரே சீராகத் திரும்பத் திரும்ப வரும் சத்தத்தை அது அங்கேயே கழித்துவிடும். மாறுவதை மட்டும் கீழே அனுப்பும்.

இப்போது அங்கே ஜெனரேட்டரும் இல்லை, பம்பும் இல்லை. ஒரு சோலார் தகடும் பெட்டியும்தான். ஆளில்லாத மண்ணின் இரைச்சல் தாறுமாறாக இருக்கும், லேசில் சுருங்காது. கோப்பு சுருங்குகிறது என்றால் உள்ளே ஏதோ ஒன்று ஒரே சீராக, மற்ற எல்லாச் சத்தத்தையும் அமுக்கிக்கொண்டு...

அதற்கு மேல் அவளால் நினைக்க முடியவில்லை. அந்தச் சுரங்கத்துக்குள்தான் பகலவன் இருந்தான்.

பகலவன் அவள் கணவன். சென்சார்களை இறக்குவதும் பழுது பார்ப்பதும் அவன் வேலை. போன மழையில் சரிவு இடிந்து சுரங்க வாயை மூடியபோது உள்ளே அவன் ஒருவன்தான் மாட்டினான். மண் மேலும் சரிந்துகொண்டிருந்தது. தோண்டியவர்கள், உள்ளே சத்தம் ஏதாவது கேட்கிறதா என்று அலுவலகத்தைக் கேட்டபடி இருந்தார்கள். இசைவாணியின் இதே கணினித் திரைதான் அவர்களுக்குக் காது. இசைவாணி தண்ணீர்கூடக் குடிக்காமல் அதன் முன்னால் கிடந்தாள். அதிர்வைக் காட்டும் கோடு அசையவேயில்லை. உயிர் இருக்கும் அறிகுறி இல்லை என்று சொல்லி வேலையை நிறுத்தினார்கள். பெட்டியில் சுருக்காத முழுப் பதிவும் இருக்கும் என்பது அந்தக் கலவரத்தில் யாருக்கும் தோன்றவில்லை. வழக்கமாக மலையேறிப் போய் அதைத் திறந்து கேட்பவன் சுரங்கத்துக்குள் இருந்தான்.

உடம்பு கிடைக்கவில்லை. களமருதூரில் மாமியார் ரங்கம்மாள், பிள்ளையைக் கண்ணால் பார்க்காமல் கருமாதி செய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டார். இசைவாணியும் தாலியையோ வளையல்களையோ கழற்றவில்லை.

பெட்டியைக் கழற்றிக்கொண்டு வருவதாக மேலாளரிடம் சொல்லிவிட்டு, மறுநாள் மதியம் அலுவலக ஜீப்பில் கிளம்பினாள். ஓட்டியவர் செல்லமுத்து, நடுவயதுக்காரர். கச்சிராயபாளையம் தாண்டி வளைவுகளில் ஏறும்போதே தூறல் பிடித்துக்கொண்டது. சரிவின் அடியில் அவர் ஜீப்பை நிறுத்தி, மழைக்கு வண்டியிலேயே இருந்துகொண்டார். அவள் மட்டும் மரவள்ளிக் கொல்லை ஓரமாக ஏறிப் போனாள். பனி கடுக்காய் மரங்களின் இடுப்பு வரை இறங்கியிருந்தது. நனைந்த மண்ணும் துருவும் கலந்து வாடை அடித்தது. துளையின் குழாய் தரைக்கு மேலே முழங்கால் உயரம் நீட்டிக்கொண்டு, தலையில் இரும்பு மூடியோடு நின்றது.

பெட்டியைத் திறந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சரிவு இடிந்த நாளின் பதிவை ஓடவிட்டாள்.

பம்பு இரைந்தது. மண் இறங்கும் உறுமல். பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. அப்புறம் அது வந்தது. இரும்பில் கல் படும் சத்தம். மூன்று தட்டு, ஒரு இடைவெளி. மூன்று தட்டு, ஒரு இடைவெளி.

அடைபட்டால் கத்தி மூச்சை வீணாக்காதே, ஒரே சீராகத் தட்டு, சீராக இருந்தால்தான் மனிதன் தட்டுகிறான் என்று மேலே தெரியும். பயிற்சியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். சொல்லிக்கொடுத்தபடியே அவன் செய்திருக்கிறான். கொஞ்சமும் பிசகாமல், ஒரு பம்பைப் போல. அவளுடைய புரோகிராம் அதைப் பம்பு என்றே எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு தட்டையும் கழித்துப் போட்டிருக்கிறது.

இசைவாணி சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். ஓட்டி ஓட்டிக் கேட்டாள். ஒரு இரவு. ஒரு பகல். இன்னொரு இரவு. தட்டு மெலிந்தது. இடைவெளி நீண்டது. ஒருமுறை கல் கை நழுவி விழுந்து, அதை அவன் தேடித் தடவும் சத்தம்கூடக் கேட்டது. பிறகு இரண்டு தட்டு. அதன்பின் இல்லை.

அழுகை வரவில்லை. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது.

கீழேயிருந்து செல்லமுத்து குரல் கொடுத்தார். “பனி ஜாஸ்தியாவுதும்மா. இருட்டிக்கினு வேற வருது. எறங்கிடலாமா?”

அவள் பதிவை நிறுத்தி, இப்போது வருவதைக் கேட்க பொத்தானை மாற்றினாள்.

மூன்று தட்டு. ஒரு இடைவெளி.

பலமாக. சோர்வே இல்லாமல்.

அவளுக்கு எழுந்து ஓடத்தான் கால்கள் துடித்தன. ஆனால் அத்தனை நேரம் தட்டியவனுக்கு ஒரே ஒருமுறைகூட யாரும் பதில் தட்டவில்லை. கீழே கிடந்த கல்லை எடுத்தாள். குழாயில் மூன்று முறை தட்டினாள்.

சத்தம் நின்றது.

பெட்டியில் ஒவ்வொரு சென்சாருக்கும் ஒரு விளக்கு எரிந்தது. ஆழத்தில் தொங்கும் கடைசி சென்சாரில் அமைதி. அதற்கு மேலே உள்ள சென்சாரில் ஏதோ உரசியது, ஈரத்துணியை இழுப்பது போல. அதற்கும் மேலே. இன்னும் மேலே. அவசரமில்லாமல். குழாய் லேசாக நடுங்கியது. மூடிக்கு அடியில் வந்து, நின்றது.

காத்திருந்தது.

இசைவாணி ஹெட்போனைக் கழற்றவில்லை. மூடியைத் திருகித் திறந்தாள். குளிர்ந்த களிமண் வாடை முகத்தில் அடித்தது. உள்ளே இருட்டு.

“கேக்குதுங்க,” என்றாள். “இப்பக் கேக்குதுங்க எனக்கு.”

குழாயின் வாயில் உள்ளங்கையை வைத்தாள். அடியிலிருந்து இன்னொரு உள்ளங்கை வந்து ஒட்டியது. ஈரம். விரல்கள் மெல்ல அவள் விரல்களுக்கு இடையே நுழைந்தன. அவன் கைதான். பிறகும் விரல்கள் வந்துகொண்டே இருந்தன. ஒரு கைக்கு இருக்க வேண்டியதைவிட அதிகம்.

அவள் கையை எடுக்கவில்லை. பிறகு எடுக்க முடியவில்லை.

சரிவில் டார்ச் வெளிச்சம் ஆடி ஆடி ஏறி வந்து அவள் மேல் விழுந்து நின்றது.

“இன்னாம்மா இது,” என்றார் செல்லமுத்து. “கைய எட்றா கண்ணு. கைய எட்றா.”

“சத்தம் போடாதீங்கண்ணே. புடிச்சிக்கினு இருக்காரு.”

சொன்ன பிறகுதான் அவள் குனிந்து பார்த்தாள். குழாய் ஒரு உள்ளங்கை அகலம்தான். அவள் கை தோள் வரைக்கும் அதற்குள் போயிருந்தது. வலிக்கவில்லை.

ஹெட்போனில், எல்லாவற்றுக்கும் அடியில் தொங்கும் கடைசி சென்சாரிலிருந்து, அவளுடைய வளையல்கள் குலுங்கும் சத்தம் கேட்டது.