என் இடத்தை எடுத்துக்கங்க

பாடிய வரி முடிந்த பிறகும் ஹேசோலின் காதில் ஒரு மூச்சு மிச்சமிருந்தது.

அவள் மைக்கிலிருந்து முகத்தை விலக்கித் தன் மூச்சை அடக்கிப் பார்த்தாள். மேல்மாடிக் கடையில் கோழி வறுக்கும் எண்ணெய் வாடையும் சுவரில் ஊறியிருந்த பூஞ்சை வாடையும் கலந்து அடைத்துக் கிடந்த அந்தக் கீழ்த்தள ஒலிப்பதிவு அறையில் அவளைத் தவிர யாருமில்லை. ஆனால் ஹெட்போனுக்குள், இடது காதுக்கு மிக அருகில், அடுத்த வரிக்குத் தயாராகும் பாடகியைப் போல நிதானமாக, ஈரமாக யாரோ மூச்சை இழுத்தார்கள். இழுத்ததை வெளியே விடவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் பியோங்ஹோ அதை மறுபடி ஓடவிட்டுக் கேட்டார். பிறகு நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார்.

"அடியேய், பேய் வந்துருச்சுடி!"

சோபாவில் தூங்கி வழிந்துகொண்டிருந்த அவள் பாட்டுக் குழுவின் மற்ற மூன்று பெண்களும் கூச்சல் போட்டுக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். மற்ற இடத்தில் பேய் என்றால் ஜனம் கதவைத் தேடி ஓடும். சியோலில் இந்தத் தொழிலில் மட்டும் உட்கார இடம் போட்டுக் கொடுப்பார்கள். ஒலிப்பதிவில் பேய் வந்தால் பாட்டு ஹிட். அதற்காக வருஷக்கணக்கில் காத்திருந்து, கடைசி வரை ஒரு முனகல்கூடக் கேட்காமல் ஊர் திரும்பியவர்கள் உண்டு.

இந்த நால்வருக்கும் அது தேவையாகத்தான் இருந்தது. முந்தைய பாட்டுகள் எல்லாம் போன இடம் தெரியவில்லை. இதுவும் போனால் குழுவைக் கலைத்துவிடுவதாகக் கம்பெனி சொல்லிவிட்டது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு வந்த தலைவி ஹேசோலுக்கு மேடையை விட்டால் வேறு எதுவும் தெரியாது.

"அக்கா, விட்டுடாதீங்க. நல்லா கவனிச்சு அனுப்புங்க," என்றாள் கடைக்குட்டி தாமி.

ஹேசோல் காகிதக் கோப்பையில் சோஜு சாராயம் ஊற்றி அறை மூலையில் வைத்தாள். இடுப்பு வளைய வணங்கி, மைக்கில் குழைந்தாள். "வாங்க அக்கா. எங்க கூடவே பாடுங்க. பாட்டு மட்டும் ஹிட்டாகட்டும், என் இடத்தையே எடுத்துக்கங்க!"

எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். ஹெட்போனுக்குள், அதுவரை பிடித்து வைத்திருந்த மூச்சு மெல்ல வெளியே வந்தது.

பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. வீடியோ வந்த சில வாரங்களில் மொராக்கோவில் மொட்டை மாடியில் ஆடினார்கள், மெக்சிகோவில் பேருந்து நிலையத்தில் ஆடினார்கள், இந்தோனேசியாவில் பள்ளிச் சீருடையோடு ஆடினார்கள். ஒரு வார்த்தை கொரிய மொழி தெரியாத பிள்ளைகள் ஒரு எழுத்து பிசகாமல் பாடினார்கள். நிகழ்ச்சிகளுக்குப் போகும் வேனில் ஹேசோல் அந்த வீடியோக்களை ஒன்றுவிடாமல் பார்த்து ஆனந்தமாக அழுதாள்.

அழுகை நின்ற பிறகுதான் அதைக் கவனித்தாள். எந்த ஊரானாலும் அவளுடைய பகுதியை ஆடும் பெண், நடுவில் ஓரிடத்தில் தலையை இடது பக்கம் சாய்த்தாள். காது தோளில் படும் வரை. சாய்த்ததை நிமிர்த்தாமலே மீதியையும் ஆடினாள்.

ஹேசோல் அப்படி ஆடியதே இல்லை.

தங்கள் சொந்த வீடியோவை எடுத்துப் பார்த்தாள். அதில் அவள் தலையைச் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"தாமி, இது நான் ஆடுனதே இல்லடி."

"என்னக்கா வெளையாடுறீங்க? உங்க ஸ்டெப்புதானே இது! இதுக்குத்தானே வெளிநாட்டுல பைத்தியமா அலையுறாங்க." தாமி தலையைச் சாய்த்துக் காட்டினாள். வேன் பாலத்தைக் கடந்து, நதியைக் கடந்து போன பிறகும் அவள் தலை சாய்ந்தே இருந்தது.

அன்று சாயங்காலமே ஹேசோல் கீழ்த்தளத்துக்கு ஓடினாள். "அண்ணே, அந்த மூச்சை வெட்டி எடுத்துடுங்க. எனக்குப் பயமா இருக்கு."

"ஹிட்டான பாட்டுல கை வைக்கச் சொல்றியா? லூசா நீ?" என்று பியோங்ஹோ முணுமுணுத்தார். இருந்தாலும் அவள் முகத்தைப் பார்த்து, மற்றவர்களின் குரல்களையும் இசையையும் அணைத்துவிட்டு அவள் பாடிய பகுதியை மட்டும் ஒலிக்கவிட்டார்.

குரல் அருமையாக இருந்தது. அது அவளுடைய குரல் இல்லை.

குரலுக்குப் பின்னால் மெலிதாக ஒரு மூச்சு. முடிவில் மூக்கில் லேசாக இடறியது. சின்ன வயதில் மூக்குடைந்த நாள் முதல் அவளுக்கு இருக்கும் இடறல்.

மூச்சுதான் அவளுடையது.

"பிரமாதமா பாடியிருக்கே," என்றார் பியோங்ஹோ. அவர் தலையும் சாய்ந்திருந்தது.

சனிக்கிழமை பெரிய அரங்கம். விமானம் ஏறி வந்த வெளிநாட்டு ரசிகர்கள் முன்வரிசைகளை நிறைத்திருந்தார்கள். மேடைத் தரையில் அவள் இடத்தைக் காட்ட ஒட்டியிருந்த அடையாளத்தின் மேல் ஹேசோல் நின்றாள். பாட்டு தொடங்கும் முன் ரசிகர்கள் நால்வர் பெயரையும் சேர்ந்து கத்துவது வழக்கம். தலைவி பெயர் கடைசி. தன் பெயரைக் கேட்டால் போதும் என்றிருந்தது அவளுக்கு. ஒரே ஒரு முறை.

இசை தொடங்கியது.

"கிம் போனி!"

அரங்கம் அதிர்ந்தது.

"இம் கவோன்!"

"ஹான் தாமி!"

அவள் காத்திருந்தாள்.

ஆயிரமாயிரம் பேர் ஒன்றாக மூச்சை இழுத்தார்கள். நிதானமாக. ஈரமாக. யாரும் வெளியே விடவில்லை.

ஹேசோல் பாட வாயைத் திறந்தாள். காற்று உள்ளே மட்டும் போனது. மூக்கில் இடறியது.

மேலே ராட்சதத் திரையில் அவள் முகம், காது தோளில் பட, அவள் வரியைப் பாடிக்கொண்டிருந்தது. பாடியபடியே கீழே குனிந்து அவளைப் பார்த்துச் சிரித்தது. இருட்டில் வரிசை வரிசையாகத் தலைகள் இடது பக்கம் சாய்ந்தன.