நெட்டையனின் இடது கண்

பார்வையாளர்களை மூன்று மணிக்குத்தான் உள்ளே விடுவார்கள். டைல்ஸ் மேஸ்திரி இரண்டரைக்கே வந்து குழந்தைகள் வார்டின் கதவருகே நின்றுவிடுவார். பேன்ட்டில் சிமென்ட் தூள், நகக்கண்ணில் காய்ந்த வெள்ளை. பதினொரு நாளாக இதே கதைதான். ஒன்பதாம் கட்டிலில் அவர் மகள் கிடக்கிறாள். எட்டு வயது, மூளைக் காய்ச்சல். அவளை வீட்டில் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். வாய் ஓயாத அந்த வாலு பதினொரு நாளாகக் கண்ணைத் திறக்கவில்லை.

அவள் அவரை ஒருநாளும் அப்பா என்று கூப்பிட்டதில்லை. வேலையாட்கள் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு அவளுக்கும் அவர் மேஸ்திரிதான். விடுமுறை நாளில் அவரோடு வேலைக்குக் கிளம்பிவிடுவாள். ஒட்டிய டைல்ஸை விரல் முட்டியால் தட்டி, அடியில் காலியாக இருக்கிறதா என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள். அதிலிருந்து இருவருக்கும் ஒரு விளையாட்டு. மூடிய கதவில் அவர் இரண்டு தட்டு தட்டினால் 'ஆள் இருக்கா?' என்று அர்த்தம். உள்ளிருந்து மூன்று தட்டு வந்தால் 'இருக்கேன் மேஸ்திரி.'

தினமும் கட்டில் கம்பியில் இரண்டு தட்டு தட்டுவார். பதில் வராது.

கட்டிலுக்கு எதிரே நெட்டையன் நின்றான். பிளாஸ்டிக் கட்டைகளை ஒன்றில் ஒன்று மாட்டிச் செய்த ஒட்டகச்சிவிங்கி. மேஸ்திரியின் தோள் உயரம் இருக்கும். கால்கள் மஞ்சள், முதுகு சிவப்பு, கழுத்தில் கண்ட கண்ட நிறமெல்லாம்.

"குணமாகி வீட்டுக்குப் போற புள்ளைங்க ஆளுக்கு ஒரு கட்டை வெச்சுட்டுப் போவாங்க," என்று முதல் நாளே சொல்லியிருந்தார் வார்டின் மூத்த சிஸ்டர். "போற அன்னிக்கு, அவங்க கையால. பெரியவங்க யாரும் தொடமாட்டோம். இது இந்த வார்டு வழக்கம்."

"ஒரு கண்ணு இல்லையே சிஸ்டர்?"

சிஸ்டர் காதில் விழாதது போல மருந்துத் தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

வலது கண் கறுப்புக் கட்டை. இடது கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சதுரப் பள்ளம். ஓட்டையைக் கண்டால் அடைக்காமல் இருக்க முடியாத தொழில் மேஸ்திரியுடையது. மகளைப் பார்க்க வந்துவிட்டு அந்தப் பள்ளத்தையே வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒருநாள் கழுத்தைத் தட்டியும் பார்த்தார். உள்ளே காலி.

பன்னிரண்டாம் நாள் டாக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"எங்களால ஆனதெல்லாம் பண்ணிட்டோம். வீட்ல எல்லாரையும் ஒருதடவை வந்து பாத்துட்டுப் போகச் சொல்லுங்க."

அவர் எப்படித் திரும்பி வந்தார் என்று அவருக்கே தெரியாது. கட்டிலருகே பொத்தென்று தரையில் உட்கார்ந்தார். வெளியே மழை கட்டிக்கொண்டு நின்றது. வார்டு முழுக்கச் சாம்பல் வெளிச்சம், பினாயில் நாற்றம், எங்கோ இரண்டு மூன்று குழந்தைகளின் அழுகை. மூத்த சிஸ்டர் அன்றைக்குத்தான் ஒரு மாத விடுப்பில் போயிருந்தார். மனம்விட்டுப் பேசக்கூட ஆள் இல்லை.

அப்போதுதான் கண்ணில் பட்டது. கட்டில் சட்டத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஏதோ பச்சையாகச் செருகிக் கிடந்தது. நகத்தால் நெம்பி எடுத்தார். ஒரு கட்டை. ஓரத்தில் குட்டிக் குட்டிப் பல் தடம்.

பள்ளத்தின் அளவு அவருக்கு மனப்பாடம். அச்சு அசலாக அதே அளவு.

வீட்டுக்குப் போகிற பிள்ளைதானே கட்டை வைக்கும்? அப்படியென்றால் கட்டையை வைத்த பிள்ளை வீட்டுக்குப் போய்த்தானே ஆக வேண்டும்? வேறு நாளாக இருந்தால் அவரே சிரித்திருப்பார். அன்றைக்கு அதைவிட்டால் அவருக்கு நாதியில்லை. நெட்டையனை இழுத்துக் கட்டிலோடு சேர்த்தார். மகளின் ஜில்லிட்ட விரல்களைப் பச்சைக் கட்டையின் மேல் வைத்து, தன் கையால் பொத்தி, அழுத்தினார்.

டக்.

அழுதுகொண்டிருந்த குழந்தைகள் எல்லாம் ஒரே நேரத்தில் நிறுத்தின.

மகள் கண்ணைத் திறந்தாள்.

"அப்பா," என்றாள்.

வார்டே திரும்பிப் பார்க்க ஓவென்று அழுதார் மனிதர். அப்பாவாவது மேஸ்திரியாவது, பிள்ளை பிழைத்ததே! ஒன்பது நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"கட்டை வைக்கலியா பாப்பா?" என்று கேட்டாள் புதிதாக வந்திருந்த நர்ஸ்.

"நான் அப்பவே வெச்சுட்டேனே," என்றாள் மகள்.

வீட்டில் ஒரு வாரம் மேஸ்திரிக்குக் கால் தரையில் பாவவில்லை. அதற்குப் பிறகு மனைவி ஆரம்பித்தாள்.

"என்னங்க, இவ பென்சிலை இடது கையில பிடிக்கிறா."

"காய்ச்சல் வந்த மூளை. மெல்ல மெல்லத்தான் சரியாகும்னு டாக்டர் சொன்னாருல்ல?"

"எல்லாத்துக்கும் சரிம்மா, சரிம்மாங்கிறா. ஒரு வம்பு இல்ல, வாயாடல் இல்ல. உங்களைப் போய் அப்பாங்கிறா."

"அப்பாவை அப்பான்னு கூப்பிட்டா அதுவும் குத்தமா?" என்று எரிந்து விழுந்தார். 

அன்று மாலை குளியலறைக் கதவில் இரண்டு தட்டு தட்டினார்.

"யாரு?" என்றது உள்ளிருந்து. "எதுக்குப்பா தட்டுறீங்க?"

வீட்டுக்கு வந்த மூன்றாம் வார முடிவில், மறுபரிசோதனைக்கு மகளைக் கூட்டிக்கொண்டு அதே வார்டுக்குப் போனார். மூத்த சிஸ்டர் அன்றைக்குத்தான் வேலைக்குத் திரும்பியிருந்தார். நெட்டையன் முன்னால் பேயறைந்தவர் போல நின்றிருந்தார்.

"இதை யாரு வெச்சது?"

மேஸ்திரி உள்ளதைச் சொன்னார். சிஸ்டர் அவரைச் சன்னலோரம் இழுத்துப்போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"உங்க பொண்ணுக்கு முன்னால அந்தக் கட்டில்ல ஒரு பொண்ணு இருந்தா. அநாதை விடுதியிலேர்ந்து கொண்டுவந்து விட்டாங்க. இடதுகைக்காரி. இந்தக் கண்ணு என்னோடது, யாரும் வைக்கக்கூடாதுன்னு சொல்லி வெச்சிருந்தா. பச்சைக் கட்டையை எந்நேரமும் கடிச்சுக்கிட்டு, நாளைக்கு வீட்டுக்குப் போறேன் சிஸ்டர், நாளைக்குப் போறேன் சிஸ்டர்னு..." சிஸ்டர் ஒன்பதாம் கட்டிலைத் திரும்பிப் பார்த்தார். "அதுக்குப் போறதுக்கு வீடே இல்லைங்க. அந்தக் கட்டில்லயே போயிட்டா."

மேஸ்திரியின் கைக்குள் ஒரு சின்னக் கை நுழைந்து இறுகியது. இடது கை.

"எடுத்துடாதீங்கப்பா," என்று கிசுகிசுத்தாள். "நான் சமத்தா இருக்கேன்ல?"

அவர் கையை உதறிக்கொண்டு நெட்டையனிடம் ஓடினார். சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் இரும்புத் தகட்டைப் பச்சைக் கட்டையின் இடுக்கில் செருகி நெம்பினார்.

"வலிக்குதுப்பா!"

திரும்பினார். மகளின் இடது கண்ணோரம் ரத்தம் ஒரு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. கீழே அந்தச் சின்ன மச்சம். பிறந்த அன்றே அவர் பார்த்து வைத்த மச்சம். உள்ளே யாரோ இருக்கட்டும், அந்தக் கண் அவர் மகளுடையது.

தகடு கீழே விழுந்தது.

நெட்டையனின் கழுத்தில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார். என் செல்லத்தை நானே விரட்டிவிட்டேனே, என்னடி செய்வேன் என்று வாய்விட்டுக் கேட்டார். யாரைக் கேட்டார் என்று தெரியாது. கை தானாக எழுந்து அந்தக் கழுத்தில் இரண்டு தட்டு தட்டியது.

காலியாக இல்லை.

உள்ளிருந்து, மெதுவாக, மூன்று தட்டு.

"வாங்கப்பா," என்று சட்டையைப் பிடித்து இழுத்தாள் சிறுமி. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "வீட்டுக்குப் போலாம். அம்மா காத்துக்கிட்டு இருப்பாங்க."

மூன்று தட்டு மறுபடி கேட்டது. இந்தத் தடவை வேகமாக. மூன்று, மூன்று, மூன்று.