கவிழ்க்காத கிண்ணம்

மத்தியானமே இருட்டிக்கொண்டு வந்த ஒரு நாளில்தான் லூ பெங் எங்கள் வீட்டுக்கு வந்தான். கீழே சமவெளியில் இருக்கிற செங்டு நகரத்துப் பையன். முதுகில் அவனைவிடப் பெரிய பை, காற்றில் தோலுரிந்த முகம். மலைமேல் இருக்கிற மடாலயங்களுக்கெல்லாம் நடந்தே போகிறானாம். பனி கொட்டிக் கணவாய் அடைபட்டால் இப்படி யாராவது எங்கள் வீட்டில் வந்து விழுவார்கள். அவர்களுக்குப் படுக்கை கொடுப்பதுதான் எங்கள் பிழைப்பு.

என் புருஷன் ரிக்ஜின் நீளமான மரக்குழாயில் தேநீரோடு வெண்ணெய் போட்டுக் கடைந்துகொண்டிருந்தான். நான் எங்கள் கைக்குழந்தை சோமோவின் கன்னத்தில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். இங்கே அடிக்கிற காற்றுக்கு அது இல்லாவிட்டால் பிள்ளைத் தோல் வெடித்து ரத்தம் கசியும்.

"உக்காரு தம்பி. கிண்ணம் வச்சிருக்கியா, நாங்க குடுக்கவா?"

"என்னக்கா இப்படிக் கேட்டுட்டீங்க? உங்க ஊர்ல அவங்கவங்க கிண்ணம் அவங்கவங்க மடியில இருக்கணும்னு எனக்குத் தெரியாதா?"

பெருமையோடு சட்டைக்குள்ளிருந்து ஒரு மரக்கிண்ணத்தை எடுத்து முன்னால் வைத்தான். வைத்ததுதான் தாமதம், ரிக்ஜின் விளிம்புவரை ஊற்றிவிட்டான். முன்னால் வைத்த கிண்ணத்தை வெறுமனே விட எங்கள் ஆட்களுக்கு மனசு வராது.

பிறகுதான் நான் அதைச் சரியாகப் பார்த்தேன். கறுத்துப்போன பழங்கிண்ணம். மரத்தின் ரேகைக்குள்ளெல்லாம் பிசுக்கு ஏறியிருந்தது. விளிம்பில் ஒரு நரைமுடி வேறு.

"இது ஏதுடா உனக்கு?"

"கணவாய்க்குக் கீழ மந்திரம் செதுக்கின கல்லு குவிச்சு வச்சிருக்காங்கல்ல, அங்க கெடந்துச்சுக்கா. கவுத்து வச்சிருந்தாங்க. யாரோ மறந்துட்டுப் போயிட்டாங்க போல."

"மறந்துட்டாங்களா? அட பாவி! செத்தவங்க கிண்ணம்டா அது!"

எங்கள் பக்கத்தில் ஆள் செத்தால் அவர் கிண்ணத்தைக் கவிழ்த்து ஊருக்கு வெளியே வைத்துவிடுவோம். இனி உனக்கு இங்கே சாப்பாடு இல்லை, போய்ச் சேர் என்று அர்த்தம். இவன் அதை நிமிர்த்தி எடுத்து வந்தான். என் வீட்டுக்காரன் அதை நிரப்பியும் விட்டான்.

"நான் எங்க பாத்தேன் யாங்சோம்? அவன் வச்சான், நான் ஊத்துனேன்" என்றான் ரிக்ஜின். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

மூவரும் கிண்ணத்தைத் திரும்பிப் பார்த்தோம்.

காலியாக இருந்தது.

"குடிச்சிட்டியா?"

"தொடவே இல்லக்கா. சத்தியமா."

அவன் கையுறையைக்கூட இன்னும் கழற்றவில்லை. கிண்ணத்தின் உள்ளே ஈரமாகப் பளபளத்தது. பார்லி மாவு தின்று முடித்ததும் நாங்கள் கிண்ணத்தை நாக்கால் வழித்து நக்குவோம், அப்படி நக்கியிருந்தது. அடியில் எச்சில் நுரை. சிக்குவாடை அடிக்கிற வெண்ணெயும் கழுவாத கிழட்டு வாயும் சேர்ந்தாற்போல ஒரு நாற்றம் எழுந்தது. சீ!

"அடுப்புல போட்டு எரிச்சிடலாமா?" லூ பெங் கிசுகிசுத்தான்.

"வாய மூடுடா! அடுப்புல சாமி இருக்கு, அந்த அசிங்கத்தையா போடுவ? எடுத்த எடத்துலயே கவுத்து வச்சிட்டு வாங்க. ரெண்டு பேரும் போங்க!"

இடுக்கியால் அதைப் பிடித்துக் கந்தலில் சுற்றிக்கொண்டு இருவரும் பனிக்குள் இறங்கினார்கள். கதவைச் சாத்தினேன். நாற்றம் அவர்களோடு போகவில்லை.

சளப்.

தேநீர் கடையும் குழாய்ப் பக்கம் நக்குகிற சத்தம். அதன் வாயில் ஒட்டியிருந்த வெண்ணெய் என் கண்ணெதிரே தேய்ந்து மறைந்தது.

சளப். சளப்.

சாமி மாடத்து வெண்ணெய் விளக்கு அணைந்தது. தொட்டுப் பார்த்தேன். அகலில் துளி வெண்ணெய் இல்லை, ஈரம்தான் இருந்தது. விரலை உதறி உதறிப் பாவாடையில் துடைத்தேன்.

அப்போது சோமோ சிரித்தாள்.

கிச்சுகிச்சு மூட்டினால் சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு.

வாரி எடுத்தேன். ஒரு கன்னத்தில் வெண்ணெயைக் காணோம். தாடையிலிருந்து கண்வரை அகலமாக ஓர் ஈரத்தடம். முகர்ந்தேன். அதே வாய் நாற்றம், என் பிள்ளையின் முகத்தில். தரையிலேயே வாந்தி எடுத்துவிட்டேன்.

நிமிர்ந்து வாயைத் துடைத்துவிட்டுக் குனிந்தால், தரை சுத்தமாக இருந்தது.

ஈரமாக.

"ஒனக்கு இங்க ஒண்ணும் இல்ல! போ, நாயே!" என்று கத்திக்கொண்டே அலமாரிக்கு ஓடினேன். கிண்ணமெல்லாம் கவிழ்ந்து கிடந்தால் அது ஆளில்லாத வீடு, அங்கே அதற்கு என்ன கிடைக்கும்? முதலில் என் கிண்ணத்தைக் கவிழ்த்தேன். அடுத்து ரிக்ஜினுடையது, விருந்தாளிகளுக்கு வைத்திருந்தவை. ஒவ்வொன்றுக்கும் அந்தச் சளப் சத்தம் ஓரடி தள்ளிப் போனது. கடைசியில் வாசல்வரை போய்விட்டது.

ஒன்றுதான் பாக்கி. சோமோவின் குட்டிக் கிண்ணம்.

கை நீண்டது. தொட்டது. கவிழ்க்க மாட்டேன் என்றது.

உயிரோடு இருப்பவர் கிண்ணத்தைக் கவிழ்த்தால் அவர் சாவைக் கூப்பிட்டதாகும். என்னுடையதை யோசிக்காமல் கவிழ்த்தேன், புருஷனுடையதையும் கவிழ்த்தேன். பெற்ற பிள்ளையுடையதை எப்படிக் கவிழ்ப்பேன்? கிண்ணத்தை விட்டுவிட்டுச் சோமோவை மார்போடு அணைத்துக்கொண்டேன்.

சத்தம் நின்றது. ஆண்கள் திரும்பி வந்தார்கள். கவிழ்த்து வைத்து, மேலே கல்லும் அடுக்கிவிட்டார்களாம். பாதை திறந்ததும் லூ பெங் அழாத குறையாக மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கிளம்பினான். போய்த் தொலையட்டும், பாவம், தெரியாமல் செய்தவன்.

அலமாரியில் நிமிர்ந்திருந்த ஒரே கிண்ணத்தைப் பார்த்த அன்றே ரிக்ஜினுக்குப் புரிந்துவிட்டது.

"அந்தக் குட்டிக் கிண்ணத்தையும் கவுத்திருக்கணும் யாங்சோம்."

"எங்க, நீ கவுத்து பாப்போம்."

எழுந்து போனான். அலமாரி முன்னால் ரொம்ப நேரம் நின்றான். பிறகு கவிழ்க்காமலே திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டான்.

அன்றிலிருந்து நான் சோமோவுக்கு வெண்ணெய் தடவுவதில்லை. இந்தக் குளிருக்கு வெண்ணெய் தடவியும் ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் கன்னம் வெடித்துக் கிடக்கிறது. தண்ணீர் எடுக்கப் போனால் பெண்கள் விடமாட்டேன் என்கிறார்கள்.

"உம் பொண்ணுக்கு மட்டும் எப்படிடி கன்னம் வழவழன்னு இருக்கு? என்னத்தத் தடவுற, எங்களுக்கும் சொல்லேன்!"

"ஒண்ணும் தடவல" என்கிறேன். யாரும் நம்புவதில்லை.

விடிந்ததும் என் முதல் வேலை, அந்தக் கன்னத்து ஈரத்தைத் துடைப்பதுதான்.